கொடியில் ஒரு வெள்ளைத் துணி

அன்பு மகளுக்கு,

பொன்னேரிக் கல்லூரியில் நீ பேசியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கூப்பிடாமல் வந்ததற்குக் கோபிக்காதே. ஓவியர் என்று உன்னை மேடைக்கு அழைத்தபோது, "எம்பொண்ணுதான்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நம் மொட்டைமாடியில் நீ மாதக்கணக்கில் தொங்கவிட்ட வெள்ளைத் துணிகளைத் திரையில் காட்டினாய். ஆலைக்கரி படிந்து மழைமேகம் மாதிரி என்ன அழகு! தினமும் அந்தக் கரியைத் துவைத்து அலுத்த என் கண்ணுக்கு இது தெரியவே இல்லையே.

கடைசித் துணி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. "இன்னாங்க, இதுல ஒண்ணுமே இல்லியே!" என்றாள் பக்கத்திலிருந்தவள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அழுக்கென்று நான் துவைத்துப்போட, நீ கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனாயே, அதே துணி.

"இது எங்கம்மா செஞ்சது. இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது" என்றாய். அரங்கமே கைதட்டியது. எனக்குத்தான் கையே எழவில்லை.

இப்போது நம் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி கறுத்துக்கொண்டிருக்கிறது. "இன்னாக்கா, எடுக்காம உட்டுக்கினு கீற?" என்று எதிர்வீட்டு விக்டோரியா தினமும் கேட்கிறாள்.

"எம்பொண்ணு வந்து எடுப்பா" என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா