அவர் அக்கா என்று கூப்பிடுகிறவள்

மார்ச் 4, 1979, ஞாயிறு

ஆராதனைக்கு முப்பத்தெட்டுப் பேர். காற்று தணிந்துவிட்டது. அடுப்பு நன்றாக எரிந்தது.

மோசேசி இன்று சுவிசேஷம் வாசித்தபோது புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. விரித்து வைத்திருந்தார், சரி. கண் மட்டும் எங்கள் தலைகளுக்கு மேலே, அடுப்புக்குழாய்ப் பக்கம். இருபத்தொன்பது வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமலிருக்கத்தான் இப்படியா?

மகள் மீக்காவிடமிருந்து கடிதம். ஜூனில் குழந்தையாம். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க, இங்கேயே இருந்துடலாம்" என்று எழுதியிருக்கிறாள். அவள் இருக்கும் நவ்யார்விக்கை விட்டு வந்து ஏழு வருஷம் ஆகிறது. பிஷப் போகச் சொன்னார், வந்தோம். ஒவ்வொரு குளிர்காலமும் நான் கேட்கிறேன், எப்போது திரும்பலாம் என்று. இன்றும் கேட்டேன்.

"பாக்கலாம், லீட்டியா" என்றார். வழக்கமான பதில்.

மார்ச் 7

இன்றும் ஊலூசி வீட்டுக்குப் போனார். இந்த வாரத்தில் மூன்றாவது முறை. நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்றார். என்ன நோயாளி? நேற்று அவள் குடிதண்ணீருக்காக ஏரியில் பனிக்கட்டி வெட்டி, தானே வண்டியில் ஏற்றியதை என் கண்ணால் பார்த்தேன்.

புருஷன் கடலில் போய் நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. மோசேசியின் இறந்துபோன அக்காவின் பெயர் அவளுக்கு வைத்திருப்பதால், அவளைவிட எட்டு வயது மூத்த இவர் அவளை அக்கா என்று கூப்பிடுகிறார். இந்த வடகோடியில் எங்கள் ஜனங்களின் வழக்கம் அதுதான். என் அப்பாவின் பெயர் வைத்த தங்கை மகனை நானும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன், அவனுக்கு வயது ஆறு. இதுவரை எனக்கு அதில் எதுவும் தோன்றியதில்லை.

மார்ச் 8

அங்கிருந்து திரும்பி வந்தபோது அவர் மேலங்கியில் அவள் வீட்டுக் கடல்நாய்க் கொழுப்பு விளக்கின் வாசனை.

மார்ச் 13

கடைக்குப் போனேன், மாவு வாங்க. உள்ளே நுழையும்வரை பேச்சுச் சத்தம் வெளியே கேட்டது. நுழைந்ததும் நின்றுவிட்டது. கல்லாவில் இருக்கும் ஈவீ என்னைப் பார்த்து, "வெளியே காத்து எப்படி?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால்தான் ஜன்னல் இருக்கிறது!

சபை மூப்பர் ஆகீயாக்கும் அங்கேதான் நின்றிருந்தார். தேயிலைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு ஆங்கிலம் தெரியாது.

ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மார்ச் 20

பனிவண்டியை ஆகீயாக்கிடம் கொடுத்துவிட்டார். முழங்கால் வலியாம், ஓட்ட முடியவில்லையாம். ஆனால் ஊலூசி வீட்டுக்கு மட்டும் நடக்க முடிகிறது.

மதியம் பின்னாலேயே போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் வீட்டுச் சுவரோரம் பனியில் நின்றேன். உள்ளே அவள் குரல், பிறகு அவர் குரல், தாழ்ந்து தாழ்ந்து. சொற்கள் புரியவில்லை. பிறகு அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது?

மார்ச் 22

நேரே கேட்டுவிட்டேன். சட்டி ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, அதை எடுக்கக்கூட இல்லை.

"அந்த வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"இப்ப சொல்ல முடியாது."

"குருவானவரா பேசுறீங்களா, புருஷனா பேசுறீங்களா?"

அவர் மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தார். கோப்பையைத் தேடுகிறவர்போல. கோப்பை எதிரேதான் இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. காது ஓரமாக எங்கேயோ பார்த்தார். "கொஞ்சம் பொறு, லீட்டியா. ஈஸ்டர் முடியட்டும்."

ஈஸ்டர் முடிந்தால் என்ன? என்னை அனுப்பிவிடப்போகிறாரா?

மார்ச் 26

இனிமே பொறுக்க முடியாது. நான் என்ன மரக்கட்டையா? இந்த ஆளுக்காக அம்மாவ விட்டேன், தங்கைய விட்டேன், பெத்த மகளக் கட்டிக் குடுத்த இடத்துல விட்டுட்டு வந்தேன். அஞ்சு ஊரு மாத்தினாங்க. வாய் தெறக்கல. இப்ப கடைக்குப் போனா சனங்க பேச்ச நிறுத்துது.

பிஷப்புக்கு எழுதிட்டேன். ரெண்டு பக்கம். அவ பேரையும் எழுதினேன். ஒட்டி, விமானி கையிலயே குடுத்தாச்சு. விமானம் மலைக்கு அந்தப் பக்கம் மறையற வரைக்கும் நின்னு பாத்தேன்.

மார்ச் 27

செய்ததில் தப்பு இல்லை. இல்லைதானே?

ஏப்ரல் 8, குருத்தோலை ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்ததும் அவர் மறுபடியும் அங்கே போனார். அரை மணி பொறுத்தேன். பிறகு போய்க் கதவைத் திறந்தேன். இந்த ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நான் மட்டும் இத்தனை நாள் சுவரோரம் நின்றிருக்கிறேன்.

ஊலூசி அடுப்புப் பக்கம் வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கர்த்தர் பாடுபட்ட அதிகாரத்தை ஒரு வரி வாசிப்பாள், நிறுத்துவாள். எதிரே மோசேசி கண்ணை மூடிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்வார். தப்பினால் அவள் நாக்கைச் சொடுக்குவாள், சின்னப் பிள்ளையைத் திருத்துவதுபோல. அவர் சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

குளிர் உள்ளே புகுந்ததும் அவர் திரும்பினார். எனக்கும் அவருக்கும் ஐந்து எட்டுத் தூரம். நேராக என்னைப் பார்த்தார்.

"யாரு வந்திருக்கிறது, அக்கா?"

ஊலூசி புத்தகத்தை மூடினாள்.

"யாரு?" என்றார் மறுபடி.

ஏப்ரல் 9

இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி போய்விட்டதாம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறதாம், அதனால்தான் எதையும் ஓரமாகப் பார்க்கிறார். இலையுதிர்காலத்தில் வந்த கண் டாக்டர் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து ஊலூசி வாசிக்க, இவர் மனப்பாடம் செய்கிறார். ஈஸ்டர் ஆராதனையைத் தவறில்லாமல் நடத்திவிட்டுப் பிறகு எனக்குச் சொல்வதாக இருந்தாராம்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

என்ன செய்திருப்பேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாளே பெட்டி கட்டியிருப்பேன். கண் தெரியாத குருவை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பிஷப்பிடம் நானே சொல்லி நவ்யார்விக்குக்கு இழுத்துப் போயிருப்பேன். இன்னொரு குரு இங்கே வர எத்தனை வருஷம் ஆகுமோ.

நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அவருடைய சந்தேகம் சரியாக இருந்தது.

கடிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

விமானம் வந்தது. பிஷப்பின் கடிதம். மோசேசி பெயருக்கு.

உறையை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இனிமே ஒளிக்க ஒண்ணுமில்ல. நீயே படி."

பிரித்தேன். 'உமக்கு மிக நெருங்கிய ஒருவர் உம்மைப் பற்றி வருத்தமான செய்தி எழுதியிருக்கிறார்.' என் பெயர் இல்லை. இருபத்து நாலாம் தேதி வருகிறாராம். விசாரித்து முடிக்கும்வரை மோசேசி திருவிருந்து நடத்தக்கூடாது.

அந்த வரியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். வேறு ஏதாவது நானே சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் படித்தேன்.

"திருவிருந்து இல்லாம ஈஸ்டரா?" என்றார். வெளி வேட்டை முகாம்களிலிருந்து ஜனங்கள் இரண்டு நாள் பயணம் செய்து அந்த அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும்தான் வருகிறார்கள். பிறகு கேட்டார்: "யாரு எழுதியிருப்பா?"

நான் அடுப்புக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டேன்.

ஏப்ரல் 11

இன்று முழுக்க அவர் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். ஈவீயா? அவள் அவ்வளவு நெருக்கம் இல்லை. கடைசியில், "ஆகீயாக்தான். பனிவண்டிய அவனே வச்சுக்கணும்னு பாக்குறான்" என்றார். இவர் வாயில் இப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை. ஆகீயாக் மீன் கொண்டுவந்தபோது கதவிலேயே நிறுத்தி, "உன் மீன் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

என் வியாதி அவருக்கும் தொற்றிவிட்டது.

ஏப்ரல் 12

"எழுதினது நான்" என்று சொன்னேன்.

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "அக்கா பேரையுமா எழுதின?"

"ஆமாம்."

"அப்ப நான் முதல்ல ஆகீயாக்கப் போய்ப் பாக்கணும்" என்று எழுந்தார். பூட்ஸைக் கையால் துழாவினார். எடுத்துக்கொடுக்கக் குனிந்தேன். "வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, பெரிய வெள்ளி

பேசவில்லை.

ஏப்ரல் 15, ஈஸ்டர்

கோவில் நிறைந்து வாசல்வரை ஆட்கள். தானே சொல்லிவிடுவதாக அவர் எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து, "நான் செஞ்சத நான்தான் சொல்லணும்" என்றேன். உட்கார்ந்துகொண்டார்.

முன்னால் போய் நின்று சொன்னேன். இன்று ஏன் திருவிருந்து இல்லை என்று. நான் என்ன நினைத்தேன், யாரைப் பற்றி எழுதினேன், உண்மையில் அந்த வீட்டில் என்ன நடந்தது, எல்லாம். அவர் கண்ணைப் பற்றியும்.

ஊலூசி இரண்டாவது வரிசையில் இருந்தாள். நான் அவள் பெயரைச் சொன்னதும் கையுறைகளை மாட்டினாள், ஒன்று, பிறகு மற்றது, எழுந்து நடுவழியாக வெளியே போய்விட்டாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

பிறகு ஆகீயாக் எழுந்தார்.

"கண்ணு விஷயம் எங்களுக்குத் தெரியும், லீட்டியா. போன செப்டம்பர்ல குன்று மேல கரடின்னு சொல்லித் துப்பாக்கிய எடுத்தாரு உன் வீட்டுக்காரரு. நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். அது கரடியில்ல. குனிஞ்சு பழம் பறிச்சிட்டிருந்த என் பொண்டாட்டி."

அவர் மனைவி, "அதுலேருந்து நான் குனியிறதே இல்ல" என்றாள். யாரோ ஒருத்தர் சிரித்தார், பிறகு கோவிலே சிரித்தது. மோசேசியும். எனக்கு அழுகைதான் வந்தது.

"அப்ப எனக்கு ஏன் சொல்லல?"

ஈவீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா அவரக் கூட்டிட்டுப் போயிடுவ."

கடையில் பேச்சு நின்றது உண்மைதான். நான் வந்ததால் நின்றதும் உண்மைதான். மீதி எல்லாம் நானாகச் சேர்த்தது.

ஏப்ரல் 24

பிஷப் வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு எங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உறைந்த இறைச்சியைச் சீவித் தின்றார். மோசேசியைக் கேட்டார்: "மனப்பாடமா எவ்வளவு இருக்கு?"

"மாற்கு முழுசும். யோவான்ல பாதி. திருவிருந்து முறைமை மொத்தமும்."

"எனக்கே அவ்வளவு வராது" என்றார் பிஷப்.

சபை விரும்பும்வரை மோசேசி இங்கேயே இருந்து திருவிருந்தும் நடத்தலாம், வாசிப்புக்கு மட்டும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தீர்மானம். பிஷப் என் பக்கம் திரும்பினார். வந்திருந்த சபையார் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மோசேசி பக்கத்தில் தினமும் நிற்க எனக்கு ஆசை இல்லாமலா?

"ஊலூசி. என் வாசிப்பவிட அவ வாசிப்பு தெளிவு" என்றேன்.

கிளம்பும்போது பிஷப் என்னைத் தனியாக அழைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "அடுத்த தடவ எழுதுறதுக்கு முன்னால கதவத் திறந்து பாரும்மா" என்றார்.

ஊலூசியின் வீட்டுக்கும் போய் அரை மணி இருந்துவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

மே 6

ஊலூசி வாசித்தாள். மோசேசி நடத்தினார். தப்பே இல்லை. அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வருகிறாள், வாசித்துக்கொடுத்துவிட்டு, நான் ஊற்றி வைக்கும் தேநீரைத் தொடாமல் போகிறாள்.

மே 23

இன்று தேநீரைக் குடித்தாள். பேசவில்லை.

ஜூன் 5

மீக்காவுக்கு இந்த வாரத்திலேயே பிரசவம் ஆகிவிடும் என்று வயர்லெஸ்ஸில் செய்தி. விமானத்தில் ஒரு இடம் இருக்கிறது.

"நீ போ. ஆகஸ்டு வரைக்கும் இரு" என்றார் மோசேசி. "நான் இங்க பத்திரமா இருப்பேன்." பிறகு மெதுவாக, "சந்தேகமா இருந்தா பிஷப்புக்கு ஒரு கடிதம் போடு" என்றார். ஈஸ்டருக்குப் பிறகு அதைப் பற்றி அவர் கிண்டல் செய்தது இன்றுதான். அடுப்பங்கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

கிளம்புமுன் ஊலூசி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து உள்ளே போனேன். கடல்நாய்த் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நின்றபடியே சொன்னேன்: அவருக்குத் தேநீரில் சர்க்கரை ஒன்று போதும், மூன்று கேட்பார். காலையில் மூட்டு பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் விட்டுவிட்டு எழுப்பு. யோவானில் பதினேழாம் அதிகாரம் அவருக்கு ஏறவே மாட்டேன் என்கிறது.

"தெரியும்" என்றாள்.

ஏழு வாரத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. வீடு வந்து சேரும்வரை அந்தத் 'தெரியும்' கொஞ்சம் குத்திக்கொண்டேதான் இருந்தது. இருக்கட்டும்.

விமானச் சத்தம் கேட்கிறது. பெட்டி ஒன்றுதான் எடுத்துப் போகிறேன்.