சிவப்பு இல்லாத குட்டிகள்

ஜூன் 9
மூன்றாம் கூண்டுப் போவாப் பாம்பு பதினெட்டுக் குட்டிகள் போட்டது. நிறம் எழுதவில்லை. முதல் சட்டை உரிக்கும் முன் நிறம் எழுதுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. வீட்டில் வளர்க்க வாங்குகிறவர்கள் வால் சிவப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இந்த மசாயா ஊரில் அதைச் சரியாகச் சொல்கிற கண் என்னுடையது. பத்தொன்பது வருஷம்.

ஜூன் 10
காசநோய் மாத்திரை, மூன்றாம் மாதம். இனி யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் பண்ணையில் சொன்னால் என் தம்ளரைத் தனியே வைத்துவிடுவார்கள். இருமினால் மரத்தூள் என்கிறேன்.

ஜூன் 21
சட்டை உரித்தாயிற்று. பதினொரு குட்டிகளுக்கு வாலில் சிவப்பே இல்லை, வெறும் பழுப்பு. தாய் தகப்பன் இரண்டும் சாதாரணச் சிவப்பு வால். குட்டிப் பெட்டிகளில் சீட்டு எழுதி ஒட்டினேன். முதலாளியம்மா தோன்யா மெல்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “எபெர்தோ, இந்தப் புது ஜாதிக்கு நம்ம பண்ணை பேரையே வெச்சிடலாம்யா!” வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை படம் எடுக்க ஆள் வருகிறார். தீனி போடும் நிதியா மட்டும் ஒன்றும் பேசவில்லை. பொறாமை.

ஜூன் 24
சந்தையில் பித்தாயாப் பழச்சாறு கேட்டேன். கடைக்காரி மண் நிறத்தில் எதையோ நீட்டினாள். கெட்டுப்போனது என்று சண்டை போட்டேன்.
“யோவ் பெரியவரே, ரத்தமா செவந்து கெடக்கு! கண்ணக் கழுவிட்டு வாய்யா!”
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குடித்துப் பார்த்தேன். நல்ல சாறுதான்.

ஜூன் 25
மாத்திரைகளில் ஒன்று கண் நரம்பைத் தொட்டிருக்கிறதாம். “நிறம் மங்கினா உடனே வாங்கன்னு சொன்னேனே?” என்றார் மருத்துவர். சொன்னார்தான். “பாம்புக்குத்தான் செவப்பு போச்சுன்னு நெனச்சேன், எனக்குப் போகும்னு தோணவே இல்லையே!” என்றேன். அந்த ஒரு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

ஜூன் 26
பண்ணையில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 27
நாளை படம். சொன்னால் நோய் வெளியே வரும், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் மெல்பாவின் பேர் கெடும். மதியம் என் சீட்டுகளைக் கிழிக்கப் போனேன். ஒவ்வொரு பெட்டியிலும் “சிவப்பு இல்லை” என்ற என் எழுத்துக்குக் கீழே பென்சிலில், நிதியாவின் கையெழுத்தில்: சிவப்பு. மே மாதப் பெட்டிகளில் நான் “மங்கிய சிவப்பு” என்று எழுதியதற்குக் கீழேயும் அதே திருத்தம்.
“ஏன் நிதியா எங்கிட்ட சொல்லல?”
“எதுக்கு இருமுறீங்கன்னு நீங்க சொன்னீங்களா, தோன் எபெர்தோ?”
அவமானமாக இருந்தது. ஆறுதலாகவும் இருந்தது.
நேரே மெல்பாவிடம் போய் நோய், கண் இரண்டையும் சொன்னேன். ஒரு மணி நேரம் திட்டினார். அத்தனையும் அந்தக் கடிதத்துக்காக. நோயைப் பற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டதோடு சரி.

ஆகஸ்ட் 12
இப்போது நிதியா நிறம் சொல்கிறாள், நான் எடை போட்டு எழுதுகிறேன். இன்று ஐந்தாம் கூண்டுக் குட்டி ஒன்றின் வாலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
“இது என்ன, சொல்லுங்க.”
பழுப்பா, சிவப்பா, இரண்டுக்கும் நடுவிலா? வெகு நேரம் பார்த்தேன். தெரியவில்லை என்றேன். இந்தப் பண்ணையில் நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.