ரோன் கரையில் முசேவோடு ஒரு நாள்

மழை விட்ட காலையில் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது மகள் உன் பூட்சை வெளியே இழுத்துப் போட்டாள். பூசணம் பூத்துக் கிடந்தது. வெயிலில் வைத்ததும் பழைய தோல் வாடை மூக்கில் ஏறியது. நீ செத்த பிறகு முதல் தடவையாக உன்னோடு பேசத் தோன்றியது. எனக்கு எழுதப் படிக்க வராது. அதை உன்னைப் போல் உபயோகித்துக்கொண்டவன் வேறு எவனும் இல்லை. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "செத்தவங்களத் திட்டக் கூடாதுப்பா" என்கிறாள். திட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் நாம் ஒரே தெரு. நீ பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் சொல்தாவாகி, பென்ஷனோடு திரும்பினாய். ஊர் உன்னை முசே என்றது, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். தேங்காய்த்திட்டு மீன் துறையில் ஐஸ் பெட்டி சுமந்த நானும் முசே என்றேன். சின்ன வயதில் வாடா போடா என்று உருண்டவர்கள் நாம். அதற்குப் பிறகு தனியாக இருக்கும்போதுகூட என் வாயில் 'டா' வரவில்லை.

உன் மனைவி போன மறுவருடம் பாரிசிலிருக்கும் உன் மகன் ஆற்றுக் கப்பலில் உனக்கு இரண்டு பேருக்கு இடம் எடுத்துக் கொடுத்தான். கூட வர அவனுக்கு நேரமில்லை. உனக்கோ சர்க்கரை, இடுப்பு வலி. "வாடா, பிரான்சக் காட்டறேன். பாத்துட்டு நிம்மதியா சாவலாம்" என்றாய். அப்போது கொடுத்ததுதான் இந்தப் பூட்ஸ். எனக்கு இறுக்கம். "வெறுங்கால்ல வந்து மானத்த வாங்காத" என்றாய்.

பிரான்சில் ஒரு நாள் காலை கப்பல் ரோன் ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊரில் நின்றது. ஊர்ப் பேர் என் வாயில் நுழையவில்லை. கரையோரம் பட்டை உரிந்த பெரிய மரங்கள், மேட்டின் உச்சியில் மாதா கோயில், நடுவில் ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். தரை முழுக்க உருண்டைக் கல். வழி காட்டும் பெண் குச்சியில் நம்பர் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் போனாள்.

"இவ்ளோ பெரிய ஆத்துல மீன் வாடையே இல்லியே முசே" என்றேன்.

"உன் மூக்குக்கு வேற இன்னா தெரியும்?" என்றாய்.

கூட வந்த வெள்ளைக்காரக் கிழவி என்னைக் காட்டி உன்னிடம் ஏதோ கேட்டாள். நீ சிரித்தபடி சொன்ன பதிலில் ஒரு சொல் எனக்குப் புரிந்தது. தொமெஸ்திக். வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் பாத்திரம் தேய்த்த என் அம்மாவை அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள். வேலைக்காரன் என்று சொல்லிவிட்டாய். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், நல்ல நாய் என்பதுபோல. உன் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

கோயிலுக்கு ஏறும் வழியில் ஒரு சதுக்கம். சண்டையில் செத்தவர்களின் பேர் வெட்டிய தூண். அதன் முன்னால் ஊர்க் கிழவர்கள் மெடல் குத்தி, கொடி பிடித்து வரிசையாக நின்றார்கள். உன் முகமே மாறிவிட்டது. நம் கடற்கரையில் வருஷா வருஷம் பழைய சொல்தாக்கள் நீங்கள் மெடலோடு நிற்கும் வரிசைதான் இதுவும் என்று நினைத்துவிட்டாய். புதுச்சேரி சொல்தாவுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும். சட்டைப்பையிலிருந்து மெடல்களை எடுத்து, என்னைக் குத்திவிடச் சொன்னாய். போய் வரிசைக் கடைசியில் விறைப்பாக நின்றாய்.

அந்த ஊர்த் தலைவரான மேர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். உனக்கு முந்தின ஆள் வரை கொடுத்தார். உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். நீ நீட்டிய கை அப்படியே நின்றது. கொடி பிடித்த கிழவர் உன் மெடலை விரலால் சுண்டி ஏதோ கேட்டார். வரிசையே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

"இன்னா முசே கேட்டான்?"

"எந்தச் சந்தையில வாங்கினன்னு."

ஆற்றோரக் கடை ஒன்றில் உட்கார்ந்து ஒயின் வாங்கினாய், உனக்கு மட்டும். உன்னை எப்படித் தேற்றுவதென்று தெரியாமல் பழைய கதையை எடுத்தேன்.

வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போன சமயம். பிரெஞ்சுக்காரனாகவே இருக்க நினைப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம், அதற்கு ஒப்சியோன் என்று பேர். நானும் கிளம்பினேன். விசாரித்துவிட்டு வந்து நீதான் சொன்னாய்: "கைநாட்டு வெச்சா நேரா சண்டைக்குத் தூக்கினு போயிடுவான்டா. உங்கம்மா இங்க தனியா சாவும்." நான் நின்றுவிட்டேன். நீ மட்டும் எழுதிக் கொடுத்தாய். அது என்மேல் இருந்த பாசம் என்றே அத்தனை வருஷமும் நம்பினேன்.

"விடு முசே" என்றேன். "அன்னிக்கு நீ தடுக்கலன்னா நானும் இந்தப் பேச்சு கேட்டிருப்பேன். புண்ணியவான் நீ."

நீ கிளாசைக் கீழே வைத்தாய்.

"சண்டைன்னு எவன்டா சொன்னான்? நானா கட்டி வுட்டது."

"ஏன்?"

"எல்லாரும் சொல்தா ஆயிட்டா? லீவுல ஊருக்கு வந்தா என்னப் பாத்து எந்திரிச்சு நிக்க ஒருத்தன் வேணாமா? அதுக்குத்தான் உன்ன வெச்சேன்."

இந்த இடத்தில் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "எங்ககிட்ட ஏன்பா சொல்லல?" என்கிறாள். சொல்லி? அன்று நானும் எழுதிக் கொடுத்திருந்தால் இவளும் பிரான்சில் இருந்திருப்பாள்; இங்கே சேதராப்பட்டுக் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்து அவளுக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது. எழுதும்மா என்றேன்.

உன் முகத்தில் தப்பு செய்தவன் களை இல்லை. சதுக்கத்தில் வாங்கியதை யாரிடமாவது இறக்கி வைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. தூரத்தில் நம்பர் அட்டை உயர்ந்தது. "பையத் தூக்கு, கப்பல் கிளம்பிடும்" என்றாய். தூக்கினேன். பாஷை தெரியாது, பாஸ்போர்ட் உன்னிடம். வேறு என்ன செய்வேன்? மிச்ச நாளும் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ஊர் திரும்பியும் முசே என்றுதான் கூப்பிட்டேன்.

உன் சாவுக்கு மகன் வந்தான். பெட்டிமேல் பிரெஞ்சு மூவர்ணக் கொடி போர்த்தி வண்டி நம் தெரு வழியாகப் போனது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. உன்னை அங்கே நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. என் முட்டி இரண்டும் தாமாகவே நிமிரப் பார்த்தன. தொடைகளை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், வண்டி முனை திரும்பும் வரை.

இன்றைக்கும் தெருவில் யாரையாவது யாராவது முசே என்று கூப்பிட்டால், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, முட்டி அசைகிறது. நீ பழக்கிவிட்ட முட்டி. நீ போய்விட்டது அதற்கு இன்னும் தெரியவில்லை.