தளைநாரும் தலையெழுத்தும்

பூதப்பாண்டி
புதன்கிழமை

அன்பு மகன் சிவபிரசாத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி அஞ்சலியும் சுகமாக இருக்கிறோம், நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை மக்கா. போனில் கேட்டால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அறையில் ஆறு பேர் இருப்பார்கள். நம் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கினவள் நான் என்றாலும் நாலு பேர் கேட்க எனக்குப் பேச வராது. அதனால்தான் இதை எழுதி, உன் கம்பெனியில் லாரி ஓட்டும் முட்டத்து யேசுதாசன் அண்ணனிடம் நேந்திரங்காய் வற்றலோடு கொடுத்து விடுகிறேன், அவர் லீவு முடிந்து சனிக்கிழமை விமானம் ஏறுகிறார்.

அஞ்சலி எல்லாம் சொல்லிவிட்டாள். கட்டடச் சாரத்தில் உயரே நிற்கும்போது மாட்டுகிற பெல்ட்டின் கொக்கி சரியாக மூடவில்லை என்றாயாமே, மாற்றக் கூடாதா என்று அவள் கேட்டதற்கு, "போன ஜென்மத்துல எவனையோ தள்ளி விட்டிருப்பேன், இந்த ஜென்மத்துல அது கழியட்டும்" என்று சிரித்தாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பேச்சு அப்பாவுடையது என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தென்னை ஏறுகிறவர், முட்டு வலித்தாலும் முன்வினை, மழையில் வேலை போனாலும் முன்வினை என்பார், நானும் எதிர்த்துப் பேசினதில்லை.

நேற்றுக் காலை அவர் முற்றத்தில் உட்கார்ந்து, மரம் ஏறும்போது காலில் மாட்டும் பழைய தளைநாரை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிது முறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, "எல்லாம் முன்வினைன்னா நாரு எதுக்கு மாத்துகியோ?" என்று கேட்டேன். அவர் முறுக்கியபடியே, "நாரை மாத்தணும்னும் சேத்துத்தாம்ட்டி தலையில எழுதியிருக்கு" என்றார். உன் கொக்கி விஷயத்தை அதற்குப் பிறகுதான் சொன்னேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இன்று வேலைக்குப் போகவில்லை.

மக்கா, நீ போர்மேனிடம் கேட்காததற்குக் காரணம் போன ஜென்மம் இல்லை, கூச்சம். அது என்னிடமிருந்து உனக்கு வந்தது, அதற்கு விதி என்று பெயர் வைக்காதே. அடுத்த பிறவியில் நீ எவள் வயிற்றில் பிறப்பாயோ எனக்குத் தெரியாது, இந்தப் பிறவியில் என் பிள்ளை. வாயால் கேட்க வராவிட்டால் கொக்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நில், அவருக்குப் புரியும். புதிது தரும்வரை மேலே ஏறாதே. ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. பூதலிங்கசுவாமி உன்னைக் காப்பார், அதற்காகக் கொக்கியை அவர் தலையில் கட்டாதே. நீ நூறு வயது நல்லபடி இருக்க வேண்டும். புதுக் கொக்கியைப் போட்டோ எடுத்து அஞ்சலிக்கு அனுப்பு. அதில் உன் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கொக்கி மூடியிருப்பது தெரிய வேண்டும். அப்பாவும் பார்க்கவேண்டும் என்கிறார்.

உன் அம்மா,
செல்லக்கனி