அம்பு இல்லாத வட்டம்

மார்ச் 4
படம் வரைகிற வேலை இன்று தொடங்கியது. லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். யார் யாரை நம்பியிருக்கிறார்களோ அவரை நோக்கி ஓர் அம்பு. படம் முடிந்ததும் வேலைமுறையையே மாற்றி அமைப்பார்களாம். எல்லோரிடமும் நான் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாளை நீங்கள் வராவிட்டால் யாருக்கு வேலை நிற்கும்?

ஸ்டோர்காரர் மூச்சுவிடாமல் பேசினார். அவர் இல்லாவிட்டால் கட்டடமே சரிந்துவிடுமாம். ‘தூண்’ என்று பெயர் வைத்துவிட்டேன். அவர் வட்டத்தைச் சுற்றி அம்பு போட இடம் போதவில்லை.

மார்ச் 6
இன்று அக்காவின் மேஜை. புகார் போன்களை எடுத்து மெக்கானிக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பவள் அவள். எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். வீட்டிலும் அவள் மாடி, நான் கீழே.

“இது எதுக்குடி?”

“சும்மா ஒரு படம்க்கா.”

கேள்வியைக் கேட்டதும் தலையில் ஒரு தட்டு தட்டினாள். “நான் வரலன்னா யாரு அழப்போறா? எல்லாரும் நிம்மதியா டீ குடிப்பாங்க.”

இருவரும் சிரித்தோம். சொன்னதை அப்படியே பதிய வேண்டும் என்பது விதி. பதிந்தேன்.

மார்ச் 19
மேலாளர் (எதையும் வெட்டிக் குறைப்பவர் என்பதால் கத்தரி என்றுதான் எல்லோரும் சொல்வோம்) படத்தைச் சுவரில் ஒட்டிப் பார்த்தார். ஒரே ஒரு வட்டம் அம்பே இல்லாமல் மொட்டையாக நின்றது. மெக்கானிக்குகளும் ‘போன் வரும், போவோம்’ என்றார்களே தவிர, அக்காவைச் சொல்லவில்லை.

“இது யாரு?”

“புகார் மேஜை சார். எங்க அக்கா” என்றேன்.

மார்ச் 20
அக்கா விளையாட்டுக்குச் சொன்னாள், மறுபடி கேட்கிறேன் என்றேன்.

“உங்க அக்காங்கறதால மட்டுமா?” என்றார் கத்தரி. “இல்ல, எல்லார்கிட்டயும் மறுபடி கேப்பீங்களா?”

படத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

மார்ச் 21
மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தரியிடம் நீயே வந்து பேசு என்று கெஞ்சினேன்.

“வேற யாராவது கேட்டிருந்தா நானும் தூண்தான்னு அளந்திருப்பேன். கேட்டது நீ. வீட்ல பேசற மாதிரி பேசிட்டேன்.” வர முடியாது என்று தலையசைத்துவிட்டு, “அப்ப நீ ஆபீஸ் ஆளா வந்திருக்கேன்னு சொல்லியிருக்கலாம்ல?”

ஐயோ, எனக்கே தெரியலையே. சும்மா ஒரு படம்னு ஏன் சொன்னேன்? ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 2
அக்காவின் வேலை போய்விட்டது. புகார்கள் நேரே மெக்கானிக்குகளுக்குப் போகின்றன. ஏதாவது குளறுபடி ஆகும், அவளைக் கூப்பிடுவார்கள் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன்.

ஏப்ரல் 3
ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 17
படிக்கட்டில் எதிரே வந்தாள். “சாப்டியா?” என்றாள், அக்கம்பக்கத்தில் கேட்பதுபோல. சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

மே 8
கிளை அலுவலகத்துக்கும் படம் வரைய என்னையே அனுப்பிவிட்டார்கள். முதல் மேஜையில் அக்கா வயதில் ஒருவர், சிரித்த முகம். “இது எதுக்கும்மா?” என்றார்.

“யோசிச்சுச் சொல்லுங்க. என்கிட்ட விளையாட்டாப் பேசிடாதீங்க.”

அவர் முகம் மாறியது. நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தான் இல்லாவிட்டால் நின்றுபோகிற வேலைகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். பாதிக்குமேல் பொய். எல்லாவற்றுக்கும் அம்பு போட்டேன்.

கிளம்பும்வரை அங்கே ஒருவரும் என்னிடம் சிரித்துப் பேசவில்லை.