பாவாவுக்கு வந்த ரெண்டாவது சீட்டு

ஜூன் 3

இதனால் திருத்தணி வாழ் பெருமக்களுக்கும், மலைமேல் குடியிருப்பவருக்கும் அறிவிப்பது யாதெனில்: எல்லப்பன் – பூவம்மாள் தம்பதியரின் ஒரே ஆண் வாரிசும், பன்னிரண்டாம் வகுப்பு 'இ' பிரிவின் தனிப்பெரும் தலைவனுமாகிய கௌதமனின் மேலுதட்டில், இன்று காலை மூன்றாவது மீசை முடி முளைத்தது.

வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். பாவா மட்டும், "மச்சா, வாயோரம் அழுக்கு ஒட்டிக்கினு இருக்குது பார், தொட" என்றார்.

இதற்குப் பழி வாங்கப்படும்.

பாவா என்றால் பூபாலன். ஷோபனா அக்கா வீட்டுக்காரர். ஆர்.கே.பேட்டைப் பக்கம் பவர்லூம் தறி ஓட்டுகிறார், எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். உடம்பில் ரத்தத்தைவிடச் சர்க்கரை அதிகம். வலது பாதத்தில் ஆணி குத்தி ஒரு புண். குத்தினதே தெரியவில்லையாம், செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துத் துணி சுற்றியிருக்கிறார். "வலிக்கவே இல்ல மச்சா"ன்னு பெருமை வேறு.

ஜூன் 6

வேலை முடிந்தது. பாவாவின் பழைய ஓ.பி. சீட்டைப் பார்த்து அச்சு அசலாக, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற ரெஃபர் சீட்டு ஒன்று. ரப்பரில் வெட்டின வட்ட முத்திரை. (ஓ.பி. அடிக்கிறவனுக்கு ஓ.பி. சீட்டு எழுத வராதா என்ன?) 'அரக்கோணம் செல்லவும். தண்ணீர்கூடக் குடிக்காமல் வரவும். காலையில் பிடித்த சிறுநீர் ஒரு லிட்டர் கொண்டுவரவும்.'

கொடுக்கிற வழிதான் அழகு. எங்கள் தெருவில் பகலில் ஆளே இருக்காது, தறிக்கும் வயலுக்கும் போய்விடும். அதனால் வீடு வீடாகச் சுகர் மாத்திரை கொடுக்க வரும் தேவயானி அக்கா, எல்லாத்தையும் சேட்டு டீக்கடையில் வைத்துவிட்டுப் போவாங்க. சேட்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். பஜ்ஜியும் மாத்திரையும் ஒரே கை. அவர் அசந்த நேரத்தில் என் சீட்டையும் அந்த டப்பாவில் போட்டுவிட்டேன்.

ஜூன் 9

பாவா போய்விட்டார்! முதல் வண்டியில், பச்சைத் தண்ணி குடிக்காமல், கோகோ-கோலா பாட்டிலை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு. பதினோரு மணி வரை வரிசையில் நின்றாராம். நர்ஸம்மா பாட்டிலைப் பார்த்து, "இன்னாங்க இது, கல்யாணச் சீரா?"ன்னாங்களாம். வரிசையே சிரித்ததாம்.

சாயங்காலம் வந்தவர் நொண்டிக்கொண்டே டீக்கடையில் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். "இனிமே சீட்டு கீட்டுன்னு எதனா வந்துச்சு, சேட்டு, உன் அடுப்புல போடு!"

நான் தரையில் உருண்டு சிரித்தேன். நைனா துண்டால் இரண்டு போட்டார். வலிக்கவே இல்லை.

ஜூன் 10

வலிக்குது.

ஜூன் 17

வரலாறு திரும்பியது. பாவாவுக்கு ரெண்டாவது சீட்டு!

சேட்டு டப்பாவிலிருந்து எடுத்து எல்லாரும் கேட்கப் படித்தார். 'உடனே திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சைப் பிரிவு. உடன் ஒருவர் தங்க வேண்டும். படுக்கை, மாற்றுத்துணி கொண்டுவரவும்.' 'உடனே'க்கு அடியில் ரெண்டு கோடு.

பாவா அதைப் பிடுங்கி என்னைப் பார்த்தார். கடையே என்னைப் பார்த்தது.

"மச்சா, இந்தவாட்டி பாயோட போவணுமா? தலகாணி வேணாவா?"

"தலகாணி நீங்களே இருக்கீங்களே பாவா"ன்னேன். முப்பது பேர் கை தட்டினார்கள். முத்திரை எப்படி விழுந்திருக்கிறது பார், என் தலைசிறந்த படைப்பு என்றேன். பாவா சிரித்துக்கொண்டே அதில் பஜ்ஜி எண்ணெயைத் துடைத்துப் போட்டார். சேட்டு எனக்கு இலவசமாக டீ கொடுத்தார்.

ஜூன் 20

வீட்டில் ஒரு நாற்றம். செத்த எலி என்று அம்மா பரண் எல்லாம் தேடினாங்க. எலி பாவாவின் கட்டுக்குள் இருக்கிறது என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். நாளை முதல் பாவாவுக்கு 'ஜவ்வாது' என்று பெயர். பாவாவும் சிரித்தார். கொஞ்சம்தான்.

ஜூன் 24

காலையில் பாவாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. என்னை 'நைனா' என்று கூப்பிட்டார். அவங்க அப்பா செத்து நாலு வருஷம் ஆகிறது. ஷோபனா அக்கா துணியைப் பிரித்தது. ரெண்டு விரல் கறுப்பு. கறுப்புக்கு மேலேயும் கறுப்பு ஏறிக்கொண்டு இருந்தது.

108-ல் திருவள்ளூர். பாய், தலையணை, மாற்றுத்துணி எல்லாம் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயசு. "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்மா. போகச் சொல்லி உங்க ஊர்ல யாரும் சொல்லலியா?"

அக்கா சொன்னது: "யாரும் சொல்லலீங்க சார்."

ஜூன் 26

கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 27

வராந்தாவில் ஷோபனா அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "விளையாட்டுக்கு எழுதனயே, அறுவைன்னு, திருவள்ளூர்னு! எழுத்துக்கு எழுத்து நடந்துபோச்சேடா! கருநாக்குடா உனுக்கு! எம் புருஷன் கால தின்ன நாக்குடா அது!"

அம்மா விலக்கிவிட்டாங்க. ஆனால் அம்மாவும் என் வாயைத்தான் பார்த்தாங்க.

எனக்குக் கருநாக்காம். கேட்டதும் எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 4

நாக்கு தோஷம் கழிய மலையில் மொட்டை. அம்மா வேண்டிக்கொண்டாங்களாம். முடியோடு மூன்று மீசை முடியும் போயிற்று, நாவிதர் கேட்காமலே வழித்துவிட்டார். சந்தனம் பூசிக்கொண்டு படியிறங்கும்போது பிரேம்குமார், "டேய் ஜோசியரே, பரிட்சையில நான் பாஸுன்னு ஒரு சீட்டு எழுதுடா"ன்னான். சிரித்தேன். எனக்கு எப்படித்தான் சிரிப்பு வருதோ.

ஜூலை 9

பாவா வீட்டுக்கு வந்துவிட்டார். தறியில் நின்று வேலை செய்ய முடியாது. முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டார். ஷோபனா அக்கா நாளையிலிருந்து தறிக்குப் போகிறது.

பாவா என் மொட்டையைத் தடவி, "மச்சா, உன் நாக்கு பலிக்குதே, எனக்குக் கால் மொளைக்கும்னு ஒண்ணு எழுதேன்"ன்னாரு. கிண்டலாத்தான் சொன்னாரு. ஆனா கைய என் தலையிலேர்ந்து எடுக்கல.

சரி. எழுதிடறேன்.

அந்த ரெண்டாவது சீட்டை நான் எழுதல.

அது, பாவா தூங்கறப்ப தேவயானி அக்கா அவர் கால போட்டோ எடுத்துகினு போய் டாக்டரம்மாகிட்ட காட்டி வாங்கிகினு வந்தது. கீழே அக்கா கையெழுத்து இருந்துச்சு, போன் நம்பர் இருந்துச்சு. சேட்டு கையில இருந்தப்பவே பார்த்துட்டேன். என் ரப்பர் முத்திரைக்கு அவ்ளோ சுத்தமா எங்க விழத் தெரியும்? நிஜம்னு அப்பவே தெரியும். கால் போவும்னு தெரியாது. தெரியாதா? 'உடனே'க்கு அடியில ரெண்டு கோடு இருந்துச்சே.

சீட்டு வந்த மறுநாள் தேவயானி அக்கா என்னை ரோட்டுல நிறுத்தி, "பாவா போனாராடா?"ன்னு கேட்டாங்க. "ஆங், போயிட்டாருக்கா"ன்னேன். நிம்மதியா போயிட்டாங்க.

என்னவோ நெஞ்சுல கல்லு, பயம், அப்படி இப்படின்னு காரணம் எழுதலாம்னுதான் உக்காந்தேன். ஒண்ணும் கிடையாது. கை தட்டினாங்க, அதான். முப்பது பேர்னு வேற எழுதி வெச்சிருக்கேன்.

ஆறு பேருதான். அதுல ஒருத்தர் பாவா.