நான் நேராக்கிய வாய்க்கால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தம்பிக்குப் புது வேலை பிடித்துப்போய்விட்டது, குளியலறைக் குழாய் ஒழுகுவதும் ஒருவழியாக நின்றது. வீட்டில் எல்லோருக்கும் சுகம், உனக்கும் அப்படியே இருக்கட்டும். போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்கு உட்கார்ந்து எழுதுறீங்க என்று அம்மா துணி மடித்தபடியே கேட்கிறாள். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் எழும்பாது, அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ அவளிடம் சொன்னதை என்னிடம் சொன்னாள். ஆபீசில் ஒரு புது வேலைக்கு உன்னைத் தலைமையாகப் போடுகிறார்களாம், நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாயாம். "சொந்த மாமாவுக்கு ஒரு தகடு போட்டுக் கொடுத்தேன், அதுவே புகைஞ்சுபோச்சு, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா நாலு பேருக்குச் சொல்லித் தர்றது" என்றாயாம். பாப்பா, புகைந்தது உன் தகடு இல்லை, என் தகடு.

தன் பட்டறையில் செய்யும் மின்வண்டி பேட்டரிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடிச் சூட்டை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஓர் அலுமினியத் தகடு வேண்டும் என்று மாமா கேட்டதும், நீ லீவு நாளையெல்லாம் விட்டு அதைச் செய்துகொடுத்தாய். எங்கே சூடு, தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே வெளியேறும், எவ்வளவு உலோகம் மிஞ்சலாம், இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால் போதும், "நான் வரையறதில்லப்பா, வேண்டாத இடத்தை அது கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு வழியை அதுவே கண்டுபிடிச்சுக்கும்" என்று எனக்கு விளக்கவும் செய்தாய். படம் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மர வேர் மாதிரிக் கோணல் கோணலாக வாய்க்கால், நடுநடுவே அரிசி சிந்தினது போல உலோகத் திட்டுகள். பட்டறை மில்லிங் மிஷினில் நான் அதைக் கடைந்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தண்ணீருக்கு எதற்கு இத்தனை முட்டுக்கட்டை, நேராக விட்டால் சுகமாகப் போகாதா என்று திட்டுகளையெல்லாம் அழித்துவிட்டு வாய்க்காலை நேராக்கினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், மகள் போட்ட படத்தில் அப்பன் கையும் கொஞ்சம் இருக்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

பெட்டியை வாங்க வந்தவரை எதிரில் வைத்துக்கொண்டுதான் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் நுழைந்த இடத்திலிருந்து குறுக்கு வழியில் வெளியே ஓடிவிட்டது, தூரத்து மூலைக்கு எட்டியே பார்க்கவில்லை. அந்த மூலையில் இருந்த பேட்டரிகள் உப்பிப் புகைய, மாமா பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். யாருக்கும் அடியில்லை. வந்தவர் அப்படியே கிளம்பிவிட்டார். மாமா அத்தனை பேர் முன்னாலும் உனக்குப் போன் போட்டு, "என்னம்மா, உன் கம்ப்யூட்டர் கவுத்துடுச்சே" என்றார். நீ ஒரு நொடி யோசித்திருக்கலாம், இல்லை படத்தை அப்படியே கடைந்தீர்களா என்றாவது கேட்டிருக்கலாம். "மன்னிச்சுக்குங்க மாமா, என் கணக்குலதான் எங்கயோ தப்பு" என்றாய். அப்பா இருக்காரா என்று கேட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன், சுத்தமாக இருந்த கையையே துடைத்துக்கொண்டு. இல்லை என்று சொல்லுங்கள் என மாமாவுக்குத் தலையாட்டினேன். களைத்துப்போயிருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, நீ முதலில் அனுப்பிய படத்தையே ஒரு கோடு மாற்றாமல் கடைந்தேன். தண்ணீரைத் திறக்கும் முன்னாலேயே மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. "மாப்ள, புள்ள மன்னிப்பு கேட்டப்போ நீ இங்கதானே நின்னே?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஓட்டினோம். பெட்டியின் நாலு மூலையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், எல்லாம் ஒரே வெதுவெதுப்பு. நான் முட்டுக்கட்டை என்று அழித்த திட்டுகள்தான் தண்ணீரைப் பிரித்து மூலை மூலைக்கு அனுப்புகின்றன, சூடு தண்ணீரில் இறங்குவதற்கும் அவைதான் படித்துறை. வாங்க வந்தவரிடம் மாமா நடந்ததைச் சொல்லிவிட்டார். மறுபடி வருவாரா, தெரியாது.

தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை, தம்பியை இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். அவனும் படிப்பான், படிக்கட்டும். ஆபீஸ் வேலையை ஏற்றுக்கொள், வேண்டாம் என்று சொல், அது உன் இஷ்டம். என் மௌனத்தை நம்பி மட்டும் பதில் சொல்லிவிடாதே. என்மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள், ஆறும்போது ஆறட்டும். அம்மாவோடு பேசுவதை நிறுத்தாதே, அவளுக்கு இதில் பங்கில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. தொட்டதெல்லாம் உனக்குத் துலங்கட்டும். மாமா இன்று உன்னைக் கூப்பிடுவார், நீ அவரிடம் கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள். அது நான் கேட்க வேண்டியது, கேட்டுவிட்டேன். இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா